அப்பாவுக்கு விளங்கற மாதிரி ராக்கெட்

போன தடவை காஸ்ட் அக்கவுண்டிங் பத்தி எழுதி பாதிப் பேரைத் தூங்க வெச்சேன். அதுக்குப் பிராயச்சித்தமா இந்தத் தடவை ராக்கெட். தீபாவளிக்கு பாட்டில்ல சொருகி விடற ராக்கெட் இல்லீங்க. மேல போய், உச்சியில பாராசூட் விரிச்சு, பத்திரமா கீழ இறங்கி, துடைச்சு எடுத்து மறுபடியும் விடற ராக்கெட். மாடல் ராக்கெட்னு பேரு. வெளிநாட்ல பல பேர் பட்டம் விடற மாதிரி இதை ஒரு பொழுதுபோக்கா வெச்சிருக்காங்க. பி.காம் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு, அதுவும் திருநாவலூர்ல உக்காந்துக்கிட்டு, இது எதுக்குன்னு கேக்கறவங்க கேக்கலாம். எங்க வீட்லயும் அதேதான் கேட்டாங்க.

ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. உளுந்தூர்பேட்டை பக்கம். 2019 வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், இப்ப கள்ளக்குறிச்சி மாவட்டம். சுந்தரமூர்த்தி நாயனார் பொறந்த ஊர். யோசிச்சுப் பாத்தா எங்க ஊர்க்காரங்கள்ல மேல போன முதல் ஆள் அவர்தான். வெள்ளை யானை மேல ஏறி நேரா கைலாசம். (கிளம்பினது திருவஞ்சைக்களத்துல இருந்து. லாஞ்ச் பேட் மட்டும் கேரளா.) போனவர் திரும்பி வரல. ராக்கெட் பாஷையில சொன்னா ரெக்கவரி இல்லாத ஃப்ளைட். சாமி குத்தம் ஆகிடப் போகுது, ஆடி சுவாதிக்கு ஒரு தேங்காய் கூடுதலா உடைச்சிடறேன் :-)

விளையாட்டுப் பேச்சு போதும். நான் ராக்கெட்னு வாயைத் திறந்தாலே எங்கப்பா முகம் மாறும். அதுக்குக் காரணம் இருக்கு.

எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. தீபாவளிக்கு மறுநாள். என் மாமா பையன், என்னைவிட ரெண்டு வயசு பெரியவன், வெடிக்காத பட்டாசெல்லாம் தெருத்தெருவாப் பொறுக்கிட்டு வந்தான். "பெரிய ராக்கெட் பண்ணலாம்டா மச்சான்"னான். கொல்லையில ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு கிடந்துச்சு. அதுல என்னமோ அடைச்சான். நான் தண்ணி குடிக்க உள்ள போனேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா புகை. அவன் இடது கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ரெண்டு விரல் முதல் கணு வரைக்கும் போயிடுச்சு. அப்பாதான் பைக்ல முன்னாடி உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனார். அன்னைல இருந்து எங்க வீட்ல மத்தாப்பு கூட வாங்கறதில்ல.

அந்தக் குழாயைத் தேடி எடுத்துக் குடுத்தவன் நான்தான். இதை எட்டு வருஷமா வீட்ல சொன்னதில்ல. மாமா பையனும் சொல்லல. அவன் இப்ப உளுந்தூர்பேட்டையில பைக் மெக்கானிக். இந்தக் கதையில திரும்ப வருவான்.

அப்புறம் ராக்கெட் ஆசை எப்படி வந்துச்சுன்னா, 2023 பிப்ரவரி 19. பிளஸ் டூ பரிட்சைக்கு மூணு வாரம் இருக்கு. டிவியில மாமல்லபுரம் பக்கத்துல பட்டிப்புலத்துல இருந்து ஒரு ராக்கெட் போச்சுன்னு காட்டினாங்க. பள்ளிக்கூடப் பசங்க செஞ்ச 150 குட்டி சாட்டிலைட்டை ஏத்திக்கிட்டு. சென்னையில இருக்கற ஸ்பேஸ் ஸோன் இந்தியாவும், மார்ட்டின் ஃபவுண்டேஷனும், அப்துல் கலாம் பேர்ல இருக்கற ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்தினது. இஸ்ரோ இல்ல, ஸ்ரீஹரிகோட்டா இல்ல, நம்ம ஈ.சி.ஆர் ரோடு. நான் அக்கவுண்டன்சி புக்கை மூடிட்டு அதையே பாத்துக்கிட்டிருந்தேன். கணக்குக்குப் பயந்து காமர்ஸ் எடுத்தவன் நான். அன்னைக்குதான் முதல் தடவையா அது தப்போன்னு தோணுச்சு.

காலேஜ் சேர்ந்தப்புறம் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க என் மாமா பையன் கதையே திரும்பத் திரும்ப வந்துச்சு. அதுதான் ஆச்சரியம்.

1957 அக்டோபர் 4, ரஷ்யா ஸ்புட்னிக் விட்டுச்சு. அமெரிக்காவுல பசங்களுக்கெல்லாம் ராக்கெட் பைத்தியம் புடிச்சுக்கிச்சு. வீட்லயே குழாய்ல மருந்தடைச்சு விட ஆரம்பிச்சாங்க. விரல் போச்சு, கண்ணு போச்சு, சில பேர் உயிரே போச்சு. இதுக்கு விடை கண்டுபிடிச்சவர் யாருன்னு நினைக்கறீங்க? விஞ்ஞானி இல்ல. நெப்ராஸ்கா மாநிலத்துல நார்ஃபோக்னு ஒரு ஊர், அங்க செருப்புக் கடை வெச்சிருந்த ஆர்வில் கார்லைல். ஸ்புட்னிக்குக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1954-ல, காகிதக் குழாய் உடம்பு, இலேசான மரத்துல இறக்கை, உச்சிக்குப் போனதும் தானாத் திறக்கற பாராசூட்னு ஒரு ராக்கெட் பண்ணியிருந்தார். உள்ள இருக்கற மோட்டார் தனி, ராக்கெட் தனி. மோட்டாரை ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிஞ்சிடலாம். அந்தக் காலத்துல ஏவுகணைத் தளத்துல வேலை பாத்த ஹாரி ஸ்டைன்னு ஒரு இன்ஜினியர், பசங்க அடிபடறதைப் பத்தி எழுதிட்டிருந்தார். கார்லைல் அவருக்கு எழுதி, தன்னோட ராக்கெட்டை அனுப்பி வெச்சார். அங்க இருந்து ஆரம்பிச்சதுதான் இந்த மொத்தப் பொழுதுபோக்கும். 1957-லயே சங்கம் ஆரம்பிச்சாங்க, பாதுகாப்பு விதிமுறை எழுதினாங்க.

அடுத்த வருஷம், 1958-ல, டென்வர்ல வெர்ன் எஸ்டெஸ்னு ஒருத்தர் மோட்டார் செய்யறதுக்குன்னே ஒரு மெஷின் கட்டினார். அதுக்கு மேபல்னு பேர் வெச்சார். சில விநாடிக்கு ஒண்ணுன்னு ஒரே அளவு, ஒரே பலம், ஒரே மாதிரி மோட்டாரா தள்ளுச்சு. எஸ்டெஸ்ங்கற பேர்ல இன்னைக்கும் கடையில மாடல் ராக்கெட் விக்குது. ஆக, செருப்புக் கடைக்காரர் ஒருத்தர், ஃபேக்டரிக்காரர் ஒருத்தர். வியாபாரம் படிச்சவனுக்கு ராக்கெட் எதுக்குன்னு இனிமே யாரும் என்னைக் கேக்கக் கூடாது.

இதுல எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயம் இதுதான்: ராக்கெட்டை நீங்க செய்யலாம், மோட்டாரை நீங்க செய்யக் கூடாது. அப்பா, இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

ராக்கெட்ல இரும்பே கிடையாது. மூக்கு, உடம்பு, இறக்கை எல்லாம் காகிதம், பிளாஸ்டிக், மரம் மாதிரி இலேசான சாமான். தப்பாப் போனாலும் கிழியும், நசுங்கும், சில்லு சில்லாத் தெறிக்காது. மாமா பையன் கையில வெடிச்சது ராக்கெட்டே இல்ல, அதுக்கு வேற பேரு.

இனி மோட்டார் கணக்கு. மோட்டாருக்கு ஏ, பி, சின்னு எழுத்து வரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் பலம் ரெண்டு மடங்கு. அளவு நியூட்டன்-விநாடி. பயப்படாதீங்க. 100 கிராம் எடையை ஒரு விநாடி தாங்கிப் புடிச்சா சுமாரா ஒரு நியூட்டன்-விநாடி. 'ஏ' 2.5 வரைக்கும். 'சி' 10 வரைக்கும். டி 20, ஈ 40, எஃப் 80, ஜி 160. ஏ-ல இருந்து டி வரைக்கும் சின்னப் பசங்க சமாச்சாரம். ஈ, எஃப், ஜி நடுத்தரம். ஹெச்-ல இருந்து பெரிய ராக்கெட். ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு விநாடி தூக்கிப் புடிக்க 245 வேணும். அது ஹெச். இப்படியே போய் 'ஓ'-ல 40,960-ல நிக்குது. சதுரங்கக் கட்டத்துல அரிசி வெச்ச ராஜா கதைதான், நமக்குக் கூட்டு வட்டி.

மோட்டார் மேல சி6-5ன்னு போட்டிருந்தா, சி மொத்த பலம். 6ங்கறது சராசரித் தள்ளுவிசை, நியூட்டன்ல. 5ங்கறது எரிஞ்சு முடிஞ்சப்புறம் அஞ்சு விநாடி சும்மா மிதக்கும், அப்புறம் சின்னதா ஒரு 'டப்', பாராசூட்டை வெளிய தள்ளும். அந்த அஞ்சு விநாடிதான் இந்த விளையாட்டோட உசிரு. சீக்கிரம் திறந்தா வேகத்துல பாராசூட் கிழியும். லேட்டாத் திறந்தா தலைகீழா வந்து நிலத்துல நட்டுக்கும். ராக்கெட் எவ்வளவு எடை, எவ்வளவு உயரம் போகும்னு முன்னாடியே கணக்குப் போட்டுத்தான் அந்த நம்பரைத் தேர்ந்தெடுக்கணும். இதுக்கு ஓப்பன்ராக்கெட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. 2009-ல ஃபின்லாந்துல ஒரு மாணவர் எம்.எஸ்சி ஆய்வுக்காகப் பண்ணது. அண்ணனோட பழைய லேப்டாப்ல அதைப் போட்டு நான் இதுவரைக்கும் நூத்துக்கணக்குல ராக்கெட் விட்டிருக்கேன். எல்லாமே கட்டில்ல படுத்துக்கிட்டுதான்.

ஹெச்சுக்கு மேல போகணும்னா அமெரிக்காவுல சும்மா கடையில போய் வாங்க முடியாது. 18 வயசு ஆகணும். அங்க இருக்கற ரெண்டு சங்கத்துல ஒண்ணுகிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும். லெவல் 1னா நீங்களே கட்டின ராக்கெட்டை ஹெச் அல்லது ஐ மோட்டார்ல விட்டு, முழுசாத் திரும்பக் கொண்டு வந்து காட்டணும். திரும்ப வரலேன்னா ஃபெயில். லெவல் 2-க்கு எழுத்துப் பரிட்சையும் உண்டு, ஜே, கே, எல் மோட்டார். எம்முக்கு மேல லெவல் 3. அந்த மோட்டார்ல இருக்கறது பெரும்பாலும் அம்மோனியம் பெர்குளோரேட்டும் ரப்பரும் கலந்த கலவை. நம்ம பி.எஸ்.எல்.வி-யோட முதல் அடுக்கும் அதே குடும்பம்தான். இதை வெடிபொருள்னு சொல்லலாமா கூடாதான்னு அந்த ரெண்டு சங்கமும் அமெரிக்க அரசாங்கத்தோட ஒன்பது வருஷம் கேஸ் நடத்தி 2009-ல ஜெயிச்சாங்க. பிசினஸ் லா பேப்பருக்கு நல்ல உதாரணம். எங்க சிலபஸ்ல இல்ல.

இடக் கணக்குதான் என்னை மலைக்க வெச்சுது. அமெரிக்க விதிப்படி ஜி மோட்டார் விட 1000 அடிக்கு 1000 அடி வெட்ட வெளி வேணும். போட்டுப் பாத்தேன், 23 ஏக்கர். எங்க ஊர்க் கணக்குல 17 காணிக்கும் மேல. எங்களுக்கு இருக்கறது ஒண்ணரைக் காணி. அதுலயும் கிணறு, மோட்டார் கொட்டகை, நாலு தென்னை மரம்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் புடிச்சது. பட்டனை அழுத்தி ராக்கெட் கிளம்பலேன்னா 60 விநாடி யாரும் கிட்ட போகக் கூடாது. மோட்டாரை மின்சாரத்துலதான் பத்த வைக்கணும். திரி, ஊதுவத்தி எல்லாம் கிடையாது. நம்ம தீபாவளியை நினைச்சுப் பாருங்க. புஸ்ஸுன்னு அணைஞ்சா அடுத்த செகண்டே குனிஞ்சு பாக்கறதுக்குன்னு தெருவுக்கு ஒருத்தன் இருப்பான்.

நம்ம நாட்ல என்ன நிலைமைன்னு கேப்பீங்க. ஆசைப்பட்டவங்க அந்தக் காலத்துலயே இருந்திருக்காங்க. கல்கத்தாவுல ஸ்டீஃபன் ஸ்மித்னு ஒருத்தர் 1934-ல இருந்து பத்து வருஷம் ராக்கெட்ல தபால் அனுப்பிப் பாத்தார். 1935-ல ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்ல வெச்சு தாமோதர் ஆத்துக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் அனுப்பினார். ரெண்டும் உசிரோட போய் இறங்குச்சு. 1992-ல அவருக்கு ஸ்டாம்பே போட்டிருக்காங்க. அதாவது வெள்ளைக்காரன் செருப்புக் கடையில ராக்கெட் ஒட்டறதுக்கு இருபது வருஷம் முன்னாடி நம்ம ஊர்ல கோழி பறந்திருக்கு.

இன்னைக்கு நிலைமை வேற. மோட்டார் பெட்டிக்கடையில கிடைக்காது. வெளிநாட்ல இருந்து வரவழைக்கலாம்னா வெடிபொருள் சட்டம் குறுக்க நிக்கும், லைசென்ஸ் வேணும். அமெரிக்காவுல இருக்கற சித்தப்பா சூட்கேஸ்ல வெச்சுக் கொண்டு வரவும் முடியாது, விமானத்துல ஏத்தவே மாட்டாங்க. விடறதுக்கு லோக்கல் அதிகாரிங்க அனுமதி, வானத்துக்கு அனுமதி. இதெல்லாம் தனி ஆளா, அதுவும் கிராமத்துல இருந்து, நடக்கற காரியம் இல்ல. இந்த இடத்துலதான் நிறைய பசங்க தப்புப் பண்றாங்கன்னு நினைக்கறேன். வாங்க முடியலயா, நாமளே கலந்துடலாம்னு வீடியோ பாத்துக் கிளம்பிடறாங்க. சர்க்கரை, உரம்னு ஆரம்பிப்பாங்க. தயவு செஞ்சு வேணாம். சட்டத்துல மாட்டறது அப்புறம், முதல்ல விரல்.

சிவகாசி இருக்கற மாநிலம் இது. மருந்தை அளந்து அடைக்கற கைத்தேர்ச்சி நம்மகிட்ட இருக்கு. பரிசோதிச்சு, நம்பர் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு விக்கற மாதிரி ஒரு சின்ன மோட்டார் அங்க இருந்தே வரலாமேன்னு எனக்குத் தோணும். கனவுதான். ஆனா மேபல் மெஷினும் ஒரு காலத்துல கனவுதான்.

நியாயமான வழி என்னன்னா, நாலு பேரோட சேர்ந்து, அனுமதி வாங்கினவங்க குடையில நிக்கறது. கதவு கொஞ்சம் கொஞ்சமா திறக்குது. பட்டிப்புலத்துக்கு அப்புறம் 2024 ஆகஸ்ட் 24-ல திருவிடந்தையில இருந்து ரூமி-1 போச்சு. அதே சென்னைக் கம்பெனி. பாராசூட்ல இறங்கி மறுபடி பயன்படற மாதிரி செஞ்ச ஹைப்ரிட் ராக்கெட். 2025 அக்டோபர்ல உத்தரப் பிரதேசத்துல குஷிநகர் மாவட்டத்துல, இன்-ஸ்பேஸ் நடத்தின மாணவர் மாடல் ராக்கெட் போட்டியில காலேஜ் பசங்க தாங்க கட்டின ராக்கெட்டை விட்டாங்க. மணிப்பால்ல ஒரு மாணவர் குழு அமெரிக்காவுக்கே போய் போட்டியில கலந்துக்கிட்டிருக்கு. இப்படிப்பட்ட குழுவுல கணக்கு வழக்கு பாக்க, ஸ்பான்சர் புடிக்க, சாமான் வாங்கி ரசீது ஒட்ட ஒரு ஆள் வேணுமா வேணாமா? காமர்ஸ்காரனுக்கு அங்க ஒரு நாற்காலி நிச்சயம் உண்டு.

அது வரைக்கும்? தண்ணி ராக்கெட்.

சிரிக்காதீங்க, மருந்தைத் தவிர மத்த எல்லாம் இதுல இருக்கு. ரெண்டு லிட்டர் கூல் டிரிங்ஸ் பாட்டில். (தண்ணி பாட்டில் ஆகாது, மெலிசு. கேஸ் தாங்கற பாட்டில்தான் அழுத்தம் தாங்கும்.) மூணுல ஒரு பங்கு தண்ணி. வாயில தோட்டத்து ஹோஸ் மாட்டற கப்லர். காத்தடிக்க சைக்கிள் பம்ப், கேஜ் வெச்சது. 60 பி.எஸ்.ஐ-க்கு மேல நான் போனதில்ல. கயித்தைக் கட்டித் தள்ளி நின்னு இழுத்தா கப்லர் விடும், தண்ணி கீழ பாயும், பாட்டில் மேல போகும். பாட்டிலைச் சூடு பண்ணக் கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, இறக்கையை டேப்லதான் ஒட்டணும். கண்ணாடி போட்டுக்கணும். கப்லருக்குக் காத்து ஏறணுமே, அதுக்கு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வ் வேணும். அதைக் கேக்கத்தான் மாமா பையன் கடைக்குப் போனேன்.

எதுக்குன்னு கேட்டான். சொன்னேன். ஸ்பேனரைக் கீழ வெச்சிட்டு என்னையே பாத்தான். "மருந்து?"ன்னான். "தண்ணி"ன்னேன். கடையை மூடிட்டு அவனே பைக்கை எடுத்துக்கிட்டு வந்துட்டான். வால்வைப் போட்டதும் அவன்தான், பாராசூட்டுக்கு முடிச்சுப் போட்டதும் அவன்தான். எட்டு விரல்ல அவன் போடற முடிச்சு எனக்குப் பத்து விரல்ல வரல.

முதல் ராக்கெட்டை வறண்ட ஏரியில வெச்சு விட்டோம். மேல போய் ஒரு தென்னை மர உயரத்துல குட்டிக்கரணம் போட ஆரம்பிச்சிடுச்சு. காரணம் எனக்கு ஏற்கனவே தெரியும், ஏட்டுச் சுரைக்காய். ராக்கெட்டோட எடை மையம் முன்னாடி இருக்கணும், காத்து தள்ளற மையம் பின்னாடி இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது ராக்கெட்டோட குறுக்களவு அளவுக்கு இடைவெளி வேணும். தீபாவளி ராக்கெட்டுக்கு அந்த நீளக் குச்சி பண்ற வேலை இதுதான். மூக்குல அம்பது கிராம் களிமண் வெச்சோம். எடை மையத்துல ஒரு கயித்தைக் கட்டித் தலைக்கு மேல சுத்திப் பாத்தோம். மூக்கு முன்னாடியே இருந்தா பாஸ். நேராப் போச்சு.

உயரம் அளக்க 50 மீட்டர் தள்ளி நின்னு, பாகைமானியில நூலும் கல்லும் கட்டி அண்ணாந்து பாத்தேன். 35 டிகிரி. டேன் 35-ன்னா 0.7. 35 மீட்டர். பத்தாவதுல இந்த டேனை என்னாத்துக்குப் படிக்கணும்னு திட்டினவன் நான்.

ரெண்டாவது தப்பு, ஆடி மாசத்துல விட்டது. ஆடிக் காத்துன்னு தெரிஞ்சும் விட்டேன். இறக்கை ஒழுங்கா இருக்கற ராக்கெட் காத்து வர்ற பக்கமாத்தான் மூக்கைத் திருப்பும். காத்தை எதுத்துக்கிட்டுச் சாய்ஞ்சு போய், பாராசூட் விரிஞ்சப்புறம் அதே காத்து தூக்கிட்டு வந்து பக்கத்துக் காணிக்காரர் கரும்புக்குள்ள போட்டுடுச்சு. தேடித் தேடிப் பாத்தோம், கிடைக்கல. கையெல்லாம் சோகை கிழிச்சதுதான் மிச்சம். பாராசூட்டைத் திறக்கறதுக்கு நாங்க வெச்சிருந்தது திருவிழாக் கடையில வாங்கின சாவி குடுக்கற பொம்மையோட உள் மெஷின். சாவி சுத்தி முடியற நேரத்துல மூக்கு கழண்டுக்கும், பழைய குடைத் துணி வெளிய வரும். அத்தனையும் கரும்புக்குள்ள.

செலவுக் கணக்கு கேக்கறவங்களுக்கு: பம்ப் 650, கப்லர் 120, இறக்கைக்கு சன்போர்டு 80, டேப் 60. வால்வ், பாட்டில், குடை இலவசம். மொத்தம் 910. இதுவரைக்கும் 30 தடவை விட்டாச்சு. ஒரு ஃப்ளைட்டுக்கு 30 ரூபா 33 காசு. தேய்மானம் போடல, வாத்தியார் மன்னிக்கணும்.

அந்தப் பக்கத்துக் காணிக்காரர் ஒரு வாரம் கழிச்சுக் கரும்புக்குத் தண்ணி கட்டப் போனப்ப ராக்கெட்டைக் கண்டெடுத்து நேரா எங்க வீட்டுக்கே கொண்டு வந்து அப்பா கையில குடுத்துட்டார். "உன் பையனுதா பாரு, கொடி மாதிரி என்னமோ கட்டியிருக்கு"ன்னார். அப்பா அதை வாங்கித் திண்ணையில வெச்சிட்டு உள்ள போயிட்டார். ராத்திரி சோறு திங்கறப்பவும் பேசல. அம்மாதான் என்னை முறைச்சுக்கிட்டே குழம்பு ஊத்தினாங்க.

மறுநாள் காலையில, "அதுல மருந்து இருக்காடா?"ன்னார்.

"இல்லப்பா. தண்ணியும் காத்தும்."

"தண்ணியா?"

நம்பல. ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மாமா பையனும் வந்தான். அவனைப் பாத்ததும் அப்பாவுக்கு என்னமோ பண்ணியிருக்கணும், கொஞ்ச நேரம் தள்ளியே நின்னார். நான் காத்தடிச்சேன். 20, 30, 40. அப்பவே சொல்லிடலாம்னு தோணுச்சு. பம்பை நிறுத்திட்டு, "அன்னைக்கு அந்தக் குழாயை எடுத்துக் குடுத்தது நான்தான்பா"ன்னேன்.

அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் மாமா பையன் பக்கம் பாத்துக்கிட்டே, "போர் போட்டப்ப மிஞ்சின குழாய் அது. இரும்புக்காரனுக்குப் போடு போடுன்னு உங்கம்மா ஆறு மாசமாச் சொல்லிட்டிருந்தா. நான்தான் கொல்லையில போட்டு வெச்சிருந்தேன்"னார்.

மாமா பையன், "காத்து எறங்குது, அடிடா"ன்னான்.

அப்பா வந்து பம்பை வாங்கிக்கிட்டார். 60 வரைக்கும் அவரே அடிச்சார். கயித்தை மாமா பையன் இழுத்தான். நேராப் போச்சு. உச்சியில மூக்கு கழண்டு, குடைத் துணி விரிஞ்சு, ஆடி போய் ஆவணி வந்துட்டதால காத்தும் இல்லாம, எங்களுக்கு இருபது அடி தள்ளி வந்து உக்காந்துச்சு. அப்பா போய் எடுத்துக்கிட்டு வந்து, அடியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். கருகல் இருக்கான்னு பாத்திருப்பார்.

இப்ப எங்க காலேஜ்ல ஒரு டீம் சேக்கப் பாக்கறேன். இயற்பியல்ல ரெண்டு பேர், கம்ப்யூட்டர்ல ஒருத்தன் சரின்னு சொல்லியிருக்காங்க. அடுத்த மாணவர் போட்டி அறிவிப்பு வந்தா பேர் குடுக்கணும். அது தண்ணி இல்ல, மருந்து. அப்பாகிட்ட சொன்னேன். வேணாம்னு சொல்லல. "மோட்டாரு யாரு குடுக்கறாங்க, யாரு பத்த வைக்கறாங்க, நீ எத்தனை அடி தள்ளி நிப்ப, எல்லாத்தையும் எழுதிக் குடு. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்"னார்.

அதுக்காகத்தான் இதை எழுத ஆரம்பிச்சேன். எத்தனை அடிங்கறது மட்டும் பாக்கி: அமெரிக்க விதிப்படி டி வரைக்கும் 15 அடி, ஈ-ல இருந்து ஜி வரைக்கும் 30 அடி, ஹெச்சுக்கு 100 அடி. நான் எல்லாத்துக்கும் 100 அடின்னே எழுதிக் குடுக்கப் போறேன். நாளைக்கு உளுந்தூர்பேட்டை போறப்ப பிரிண்ட் எடுக்கணும். வெள்ளை யானை ஜோக்கை மட்டும் எடுத்துடணும்.